தங்கச்சியின் துவசத்துக்குத் தில்லையண்ணை வந்தார்

1

எங்கள் சனத்தில் துவசத்துக்கு அட்டை அடிப்பதில்லை. வீடு தேடிப் போய் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வந்து ஒரு வாயாவது சாப்பிடாமல் விட்டால் அது செத்தவரை அவமதித்ததாகும். கலியாணவீட்டுக்குப் போகாமல் விட ஆயிரம் சாட்டுகள் உண்டு. துவசத்துக்குச் சாட்டுச் சொன்னால் நாலுபேர் கதைப்பார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோர்வேக்கு வந்து இத்தனை வருடங்கள் ஆகியும் நாங்கள் இந்த வழக்கத்தை விடவில்லை. மற்றவர்கள் ஏன் விடவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் விடாததற்குக் காரணம் தில்லையண்ணை.

அவர் என் தங்கச்சி யோகாவின் புருசனுக்குத் தமையன். ஒஸ்லோவில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எந்தக் கூட்டமென்றாலும் முன்வரிசையில் இருப்பார், நன்றியுரையும் அவருடையதுதான். ஒவ்வொரு வருடமும் யோகாவின் திதி நெருங்கும்போது நான் குரோருட்டில் சுரங்க ரயில் ஏறுவேன். நடுவில் மாறி, கடைசித் தரிப்பிடமான மோர்டென்ஸ்ருட்டில் இறங்கி, பனி உருகிச் சரளைக்கல் மட்டும் மிஞ்சிய நடைபாதையால் நடந்துபோய் அவர் வீட்டு மணியை அடிப்பேன்.

"அண்ணை, வாற ஞாயிற்றுக்கிழமை யோகான்ர துவசம். சொல்லிப்போட்டுப் போக வந்தனான். கட்டாயம் வந்து சாப்பிடவேணும்."

உள்ளே போகமாட்டேன். சப்பாத்தைக் கழற்றமாட்டேன். வாசலில் நின்று அவருடைய முகத்தைப் பார்ப்பேன். யோகா என்ற பெயரைக் கேட்டதும் அவர் கண் என் தோளுக்கு மேலாக எங்கேயோ போய்விடும். ஒரு வருடம் சீனி கூடிவிட்டது என்றார். இன்னொரு வருடம் முழங்கால் என்றார். போன வருடம் அன்றைக்குக் கார் டயர் மாற்றக் கொடுத்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையில் டயர் மாற்றுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. "சரி அண்ணை, அடுத்தமுறை பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவேன். வரும் வழியெல்லாம் எனக்கு மனம் குளிர்ந்திருக்கும்.

2

யோகா என்னைவிடப் பத்து வயது இளையவள். வாழ்க்கைப்பட்டுப் போனது வவுனியாவுக்கு அப்பால், சிங்களக் கிராமங்களோடு வயல் வரம்பைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் ஊருக்கு. புருசன் குணம் லொறி ஓட்டினான். கொழும்பு, தம்புள்ளை என்று போனால் வர நாள் எடுக்கும். அவனிடமிருந்துதான் அவளுக்கு வந்தது, அவளிடமிருந்து வயிற்றில் இருந்த பிள்ளைக்கு. அவன் செத்த பிறகுதான் அது எயிட்ஸ் என்று அவளுக்கே தெரியும். ஊருக்குத் தெரிய அதிக நாள் எடுக்கவில்லை.

அவர்கள் இருந்த வீடும் வளவும் கிணறும் தில்லையண்ணையின் பெயரில் இருந்தன. அதனால் அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதை மோர்டென்ஸ்ருட்டிலிருந்து போன தொலைபேசி தீர்மானித்தது. முதலில் யோகாவின் தட்டையும் கோப்பையையும் வேறாக்கச் சொன்னார். பிறகு கிணற்றில் அவள் கை வைக்கக்கூடாது என்றார். கடைசியில் தாயையும் பிள்ளையையும் வளவு மூலையில் நெல்மூட்டை அடுக்கும் கொட்டிலுக்குப் போகச் சொன்னார். தில்லையண்ணையின் தாய் அழுதாவாம். அழுதுகொண்டே சொன்னதைச் செய்தாவாம். நான் காசு அனுப்பினேன். வேறு வீடு வாடகைக்குக் கேட்டுப் பார்த்தோம். எங்கள் யோகாவுக்குக் கொடுக்க அந்த ஊரில் ஒருவரிடமும் அறை இருக்கவில்லை.

அந்த வருடம் கோடை விடுமுறைக்குத் தில்லையண்ணை ஊருக்குப் போனார். யோகாவுக்கு ஒரு நம்பிக்கை. நேரில் கண்டால் மனம் இளகும் என்று நினைத்தாள். விடிய எழும்பி, குளத்திலிருந்து தண்ணீர் அள்ளி வந்து, புட்டு அவித்து, அவருக்குப் பிடித்த முருங்கைக்காய்க் கறி வைத்தாள். அவர் படலைக்கு வெளியே பிளாஸ்டிக் கதிரை போட்டு, கொழும்பில் வாங்கிய தண்ணீர்ப் போத்தலோடு இருந்தார். அவள் கொண்டுவந்து வைத்த சட்டியைக் கண்டதும் தாயைக் கூப்பிட்டார்.

"உதைக் கொண்டுபோய்க் கிடங்கு வெட்டிப் புதையுங்கோ. நாய்க்கும் வைக்காதேங்கோ."

இதை யோகா எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது அழவில்லை. "நாய்க்கும் வைக்கக்கூடாதாம் அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள், ஏதோ எனக்குக் கேட்கவில்லை என்பதுபோல. எனக்கு நன்றாகக் கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது. அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்த மனிசனை நான் விடப்போவதில்லை என்று.

3

பிறகு அந்தக் கொட்டிலுக்கு ஒரு பிக்கு வந்தார்.

காவி உடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள் நான். அதற்கான காரணங்களை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். பக்கத்துச் சிங்களக் கிராமத்து விகாரையில் இப்படி ஒரு வேலை தொடங்கியிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் இந்த நோய் வந்த குடும்பங்களைத் தேடிப்போவது, அரிசி பருப்புக் கொடுப்பது, ஓட்டோ பிடித்துப் பட்டினத்துக்கு மருந்தெடுக்கக் கூட்டிப்போவது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. பிக்குவோடு ஊர்ப் பெண்கள் சிலர் திரிந்தார்கள். அதில் தமிழ்ப் பெண்களும் இருந்தார்கள்.

முதல்நாள் அவர் பிச்சைப் பாத்திரத்தோடு வந்து கொட்டில் வாசலில் நின்றார். யோகாவுக்குக் கை கால் ஓடவில்லை.

"எனக்கு வருத்தம். நான் சமைச்சதை ஆரும் சாப்பிடுறேல்லை" என்றாள்.

கூட வந்த தமிழ்ப் பெண், "அது தெரிஞ்சுதான் வந்தவர். இண்டைக்குத் தானம் இஞ்சைதானாம்" என்றாளாம்.

சோறும் பருப்பும்தான் இருந்திருக்கிறது. அவர் அதை வாங்கிக்கொண்டு விகாரைக்குப் போகவில்லை. தெருவால் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படியாக அந்த வாசலிலேயே இருந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் வந்து சாப்பிட்டார்.

"அக்கா, ஹாமுதுரு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டவர்" என்று யோகா பிக்குவைப் பற்றிச் சொன்னாள். அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எங்கள் ஆட்கள் செய்திருக்க வேண்டியதைச் செய்ய அந்தக் காவிதானா வர வேண்டும் என்று நினைத்தேன். பிக்குவை வெறுக்கவும் முடியாமல் போனது, கும்பிடவும் மனம் வரவில்லை. அந்தக் குழப்பத்துக்கும் சேர்த்துத் தில்லையண்ணையின் மேல்தான் கோபப்பட்டேன்.

மருந்து யோகாவுக்குப் பிந்திவிட்டது. பிள்ளைக்குப் பிந்தவில்லை. யோகா செத்த அன்று, தொற்றும், ஒருவரும் கிட்டப் போகாதீர்கள் என்று தில்லையண்ணை ஊருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருந்தார். பாடை தூக்கியவர்கள் விகாரையில் இருந்து வந்தவர்கள். ஒஸ்லோவிலோ, தன் தம்பிக்கும் தம்பி பெண்சாதிக்கும் மூளைக்காய்ச்சல் என்று அவர் கதை பரப்பினார். நான் அதை மறுத்துக் கதைக்கவில்லை. உரிய இடத்தில் உரிய நேரத்தில் கதைக்க வைத்திருந்தேன்.

4

திதி வருடத்துக்கு வருடம் மாறும். நான் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே என் பொறுப்பாளர் ஷெர்ஸ்தி என்ற நோர்வேக்காரி. லீவு கேட்கப் போனால் ஒவ்வொரு முறையும் குழம்பிப்போவாள்.

"போன வருடம் உன் தங்கச்சி மார்ச்சில் அல்லவா இறந்தாள்? இந்த வருடம் ஏப்ரல் என்கிறாய். உனக்கு எத்தனை தங்கச்சிகள்?"

சந்திரனைப் பார்த்து நாள் எடுப்போம் என்று எனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில் விளக்கினேன். அவள் எழுந்து யன்னலால் வானத்தைப் பார்த்தாள். பிறகு லீவு தந்தாள். நல்ல மனிசி.

என் மகள் ஆரணியிடம் அப்படித் தப்ப முடியாது. இங்கே பிறந்தவள். தமிழ் விளங்கும், கதைப்பாள், ஆனால் முக்கியமான சொல்லெல்லாம் நோர்வேஜியத்தில்தான் வரும்.

"அம்மா, உங்களுக்கு அந்தாளைப் பிடிக்காது. பிறகேன் ஒவ்வொரு வருசமும் மோர்டென்ஸ்ருட்டுக்குப் போய்க் கூப்பிடுறீங்கள்?"

"துவசத்துக்குச் சொல்லவேணும். முறை."

"இது மின்னெஸ்துன் இல்லை அம்மா. இது ஹெவ்ன்."

மின்னெஸ்துன் என்றால் இங்கே நினைவுகூரல். ஹெவ்ன் என்றால் பழிவாங்கல். "ஓம், ஹெவ்ன்தான்" என்றேன். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் கதைத்துத் தீர்க்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எதைக் கதைத்துத் தீர்ப்பது?

5

போன இலையுதிர்காலத்தில் தில்லையண்ணையின் மனைவி பூமணியக்கா திடீரென்று போய்விட்டா. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, உறவினர்கள்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். எட்டாம் நாள் எட்டுச்செலவு முடியும்வரை நான் கொண்டுபோனேன். சோறு, கறி, ரசம் எல்லாம் ஏனத்தில் கட்டி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பூமணியக்கா பாவம், அவவில் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் அழுததைவிடக் கணக்குப் போட்டதுதான் அதிகம். என் கையால் சாப்பிட்ட மனிசன் இனி என் வீட்டுத் துவசத்துக்கு வராமல் இருக்க முடியாது.

"தங்கச்சி, உன்ர சாப்பாடு இல்லாட்டில் நான் என்ன செய்திருப்பனோ தெரியாது" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அதுக்கென்ன அண்ணை" என்றேன்.

அடுத்தது துளசி. யோகாவின் மகள். விகாரையின் அந்த வேலையில் இருந்த தமிழ்ப் பெண் ஒருத்தியின் வீட்டில் வளர்ந்தவள். ஒழுங்காக மருந்து எடுக்கிறாள். இரத்தத்தில் தேடினாலும் கிருமி அகப்படாத அளவுக்குச் சுகமாக இருக்கிறாள். இப்போது அதே வேலையை அவளும் செய்கிறாள், வீடுவீடாகப் போகிறாள். அவளை இங்கே மூன்று மாதம் கூப்பிட நான் பட்ட பாடு தனிக்கதை. திரும்பிப் போவாள் என்பதற்கு என்ன உறுதி என்று விசா கொடுக்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அவளுக்கு வேலை இருக்கிறது, திரும்பி வருவாள் என்று உறுதி கொடுத்தது அந்தப் பிக்கு. எங்கள் குடும்பத்துப் பிள்ளைக்கு உறுதி கொடுக்க எங்கள் குடும்பத்தில் ஆள் இல்லை.

என் திட்டத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். துளசி வந்திருப்பதை எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை. துவசத்தன்று எல்லாக் கறியும் அவள் சமைக்க வேண்டும். அவளே பரிமாற வேண்டும். தில்லையண்ணை வயிறு நிறையச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, நாலுபேர் முன்னால், "அண்ணை, இண்டைக்குச் சமைச்சது ஆர் தெரியுமோ?" என்று நான் கேட்க வேண்டும். சாப்பாட்டால் ஒன்றும் வராது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. கக்கூசுக்கு ஓடி விரல் விட்டுச் சத்தி எடுக்கட்டும். ஒவ்வொரு இருமலுக்கும் சாகட்டும். அதை நினைத்துக்கொண்டே மோர்டென்ஸ்ருட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"வாறன் தங்கச்சி" என்றார்.

6

துளசி விடியக்காலமே அடுப்படிக்கு வந்துவிட்டாள். பூசணிக்காய், பயிற்றங்காய், வாழைக்காய்ப் பொரியல், பாவற்காய், பருப்பு, பாயசம், வடை. குரோருட் கடைகளில் எல்லாம் கிடைக்கும். படைத்து முடிந்ததும் காகத்துக்கு ஒரு பிடி சோறு பல்கனியில் வைத்தோம். பறவைகளுக்குத் தீன் போடக்கூடாது என்று எங்கள் கட்டடத்தில் சட்டம். வருடத்தில் ஒரு நாள் நான் சட்டத்தை மீறுகிறேன்.

பத்துப் பேரளவில் வந்திருந்தார்கள். தில்லையண்ணை வதங்கிய பழம்போல வாடியிருந்தார். யோகாவின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிசம் நின்றுவிட்டு, கண்ணைத் துடைக்காமலே போய் மேசையில் இருந்தார். தட்டு வைத்தேன். துளசி சோற்றுச் சட்டியோடு வந்தாள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது, கலியாணத்தன்றுகூட அப்படி அடிக்கவில்லை.

"பிள்ளை, நீ ஆரின்ர மகள்? ஊரிலையிருந்தோ வந்தனி?" என்று கேட்டார்.

கடைசியில்தான் சொல்ல வேண்டும் என்று நான் துளசியிடம் சொல்லி வைக்கவில்லை. அவள் தானாகச் சொல்லமாட்டாள் என்று நினைத்துவிட்டேன். அவர்கள் வேலை செய்யும் முறை எனக்குத் தெரியாது. யார் வீட்டிலும் யாருக்கும் சோறு போட முதல், உள்ளதைச் சொல்லிவிட்டுத்தான் அகப்பையை எடுப்பார்களாம்.

துளசி சட்டியை மேசையில் வைத்தாள்.

"நான் யோகான்ர மகள் பெரியப்பா. உங்கட தம்பியின்ர பிள்ளை. அம்மாவுக்கு இருந்த வருத்தம் எனக்கும் இருக்கு. பிறந்ததிலையிருந்து இருக்கு. மருந்து எடுக்கிறன், சுகமா இருக்கிறன். இண்டைக்கு எல்லாம் நான்தான் சமைச்சனான். சாப்பாட்டால அது வராது. விருப்பமெண்டால் போடுறன். இல்லாட்டில் பழம் இருக்கு, அதுவும் துவசச் சாப்பாடுதான்."

மூளைக்காய்ச்சல் கதையை நம்பியிருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். பிறகு துளசியைப் பார்த்தார்கள். என் பிடியிலிருந்த மனிசனை இந்தப் பெட்டை எழும்பிப் போக விட்டுவிட்டாளே என்று நினைத்தேன். சரி, எழும்பட்டும், எல்லோரும் பார்க்க எழும்பி ஓடட்டும் என்றும் நினைத்தேன்.

அவர் எழும்பவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"போடு பிள்ளை" என்றார்.

சாப்பிட்டார். தலை நிமிராமல் சாப்பிட்டார். முதல் கவளத்தை வெகுநேரம் வாயில் வைத்திருந்தார். பிறகு விழுங்கினார். பாவற்காயை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து இருந்தார்கள். கொஞ்சநேரத்தில் அது சாதாரணத் துவச வீடாகிவிட்டது. யாரோ ரயில் கட்டணம் கூடினதைப் பற்றிக் கதைத்தார்கள். கை கழுவி வந்த தில்லையண்ணை துளசியின் தலையில் கையை வைக்கப்போய், வைக்காமல், மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார்.

7

எல்லோரும் போனபின் நான் துளசியைப் பிடித்துக்கொண்டேன்.

"உன்னை ஆர் இப்ப சொல்லச் சொன்னது? சாப்பிட்ட பிறகு நான் சொல்ல இருந்தனான்."

அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "பிறகு சொன்னால் அவர் என்ன நினைப்பார் பெரியம்மா? சாப்பாட்டுக்குள்ள நஞ்சு வைச்சது எண்டு நினைப்பார். நீங்கள் அவருக்கு நஞ்சு குடுக்கிறதெண்டால் குடுங்கோ. அதுக்கு என்னைக் குடுக்காதேங்கோ."

ஆரணி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு துளசிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எனக்கு அவர்கள் இரண்டு பேரின் முதுகுதான் தெரிந்தது. துளசி சொன்னது சரி. சரி என்பதால் என் கோபம் ஆறிவிடவில்லை, இன்னும் கூடியது. அந்த மனிசன் சாப்பிடாமல் ஓடியிருந்தால், பயந்தவன், அவனால் முடியாது என்றாவது ஒருநாள் விட்டிருப்பேன். அவரால் முடிகிறது. ஒரு தட்டுச் சோறு சாப்பிட அவருக்கு அவ்வளவு நேரம்தான் தேவைப்பட்டது. என் யோகாவுக்கு அதை ஏன் செய்யவில்லை?

அடுத்தநாள் காலை வேலைக்குப் போக வெளிக்கிடும்போது தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, தில்லையண்ணை."

"சொல்லுங்கோ."

"எனக்கு நித்திரையே இல்லை. எழும்பி எழும்பிக் காய்ச்சல் பாத்தனான். ஒண்டும் செய்யேல்லை."

நான் சப்பாத்தைக் கையில் எடுத்தேன்.

"அப்ப தங்கச்சி..." என்று இழுத்தார். "அண்டைக்கு ஊரிலை அவள் சமைச்சுக் கொண்டு வந்ததைச் சாப்பிட்டிருந்தாலும் எனக்கு ஒண்டும் செய்திருக்காது, என்ன?"

அந்த நேரம் உங்களுக்குத் தெரியாதுதானே அண்ணை என்று சொல்லியிருக்கலாம். அப்ப ஆருக்குத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். போனது போகட்டும் என்று சொல்லியிருக்கலாம். இதில் ஏதாவது ஒன்றை நான் சொல்லுவேன் என்றுதான் அவர் காத்திருந்தார்.

"இல்லை அண்ணை" என்றேன். "ஒண்டும் செய்திருக்காது."

அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை. அவரும் தொலைபேசியை வைக்கவில்லை. அவர் அழத் தொடங்கினார். நான் வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.